சூளைப் பள்ளத்துச் செம்பூச்சி

பெட்டாலிங் தெருவில் தங்கமீன் விற்கும் சீன முதலாளி லோ தவுக்கேக்கு வீரம்மா தரவேண்டிய பாக்கி பதினோரு வெள்ளி இருபது காசு. வாங்கும்போது அது பதினேழு வெள்ளி அறுபது காசாக இருந்தது. காசாகத் திருப்பித் தருகிற கடன் இல்லை, பூச்சியாகத் தருகிற கடன். குவளைக்கு நான்கு காசு. இருபது குவளை சேர்ந்தால் தவுக்கே கடைக்குள் தொங்கும் கறுப்புப் பலகையில் ஒரு சுண்ணாம்புக் கோட்டை அழிப்பார். முதலில் இருபத்திரண்டு கோடு இருந்தது. இப்போது பதினான்கு. வீரம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தப் பலகையைப் போய்ப் பார்க்காமலே எந்தக் கோடு குட்டை, எந்தக் கோடு சாய்ந்தது என்று சொல்வாள்.

அந்தக் காசை அவள் வாங்கியது பள்ளத்துக்காகத்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் செங்கல் சூளைகள் ஒவ்வொன்றாக மூடிப்போன காலம் அது. மண் வெட்டி எடுத்த பள்ளங்களில் மழைத் தண்ணீர் நின்று குளமாகிவிட்டது. சிலவற்றைத் தூர்த்து அதன் மேல் ரயில்வே கூலிகளுக்கு லயத்து வரிசை வீடுகள் கட்டினார்கள். தூர்க்காமல் விட்ட பள்ளம் ஒன்று இராஜம்மாவின் மாட்டுக்கொட்டகைக்குக் கீழே கிடந்தது. கொட்டகை கழுவிய தண்ணீர் சாணியும் மூத்திரமுமாக அதில்தான் இறங்கும். பச்சைப் பசேலென்று கஞ்சி போலக் கிடக்கும் தண்ணீர். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் அந்தப் பச்சைக்குள்ளே செங்கல்பொடியைத் தூவியது போல மேகம் மேகமாகப் பூச்சி துள்ளிக்கொண்டிருக்கும். கடுகில் கால்வாசி இருக்கும் ஒவ்வொன்றும். செம்பூச்சி என்பார்கள். தங்கமீனுக்கு அதைவிட ருசியான தீனி கிடையாது. தின்றால்தான் மீனின் நிறம் ஏறும்.

சூளைக்காரரிடம் ஒரு வருடக் குத்தகை எடுத்துக் கொடுத்தவர் தவுக்கே. சீட்டு அவருடைய பெட்டியில் இருந்தது. கோடெல்லாம் அழிந்த பிறகு சீட்டு வீரம்மா கைக்கு வரும். பூச்சி நின்றுபோனால் பள்ளம் வேறு ஆளுக்குப் போகும்.

வீரம்மாவின் புருஷன் அய்யாவுக்கு வேலை கொசு ஆபீஸில். ஆபீஸுக்கு வேறு நீளமான பெயர் உண்டு, கூலிகள் வாயில் அது நுழையவில்லை. முதுகில் தகர டின், அதில் மண்ணெண்ணெயும் கறுப்பு எண்ணெயும் கலந்தது, கையில் பீச்சுக்குழாய். குளம், குட்டை, சாக்கடை, ரயில்பாதை ஓரத்து ஊற்று என்று தேங்கிய தண்ணீர் எல்லாவற்றின் மேலும் எண்ணெய் படியவிட வேண்டும். எண்ணெய் படிந்த தண்ணீரில் கொசுப்புழு மூச்சு முட்டிச் சாகும். சாவது கொசுப்புழு மட்டும் இல்லை. தண்ணீர் வண்டு, தட்டான் குஞ்சு, தலைப்பிரட்டை எல்லாம்தான் மிதக்கும். அதற்கு அய்யாவு வருத்தப்பட்டதில்லை. பூச்சோங் தோட்டத்தில் கொசுக்காய்ச்சலுக்கு ஒரு பெண்பிள்ளையை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்தவன் அவன். நாலு வயதுப் பிள்ளை. எண்ணெய் பீச்சும்போது சில நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பீச்சுவான்.

ஆகவே அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அய்யாவு வேலை விட்டு வந்தால் நேரே பள்ளத்துப் பக்கம் வரக்கூடாது. வழியில் ஒரு நாவல் மரம். அதன் கிளையில் சட்டையையும் கால்சட்டையையும் கழற்றி மாட்டிவிட்டு, தெருக்குழாயில் சாம்பல் போட்டுத் தேய்த்துக் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டுதான் வர வேண்டும்.

"மாமா, அங்கேயே நில்லு. மோந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள் வீரம்மா.

"நான் என்ன கருவாடாடி, மோந்து பாக்குறதுக்கு?"

"கருவாடா இருந்தா உள்ள விட்டுருவேன். ஒரு சொட்டு எண்ணெ விழுந்தாப் போதும், என் பூச்சி அம்புட்டும் போயிரும். போ, இன்னொரு தடவ காதுக்குப் பின்னால தேச்சிட்டு வா."

குழாயடியில் நிற்கிற பெண்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அய்யாவும் சிரித்துக்கொண்டே மறுபடி சாம்பலை எடுப்பான்.

விடிகிற நேரத்தில் அவள் வேலை. பிரம்பு வளையத்தில் மல்துணி தைத்த வலை. முழங்கால் தண்ணீரில் நின்று எட்டுப் போட்டது போல வலையை இழுப்பாள். தண்ணீரைச் சொட்டச் சொட்ட வடித்து ஈரத்துணியில் பூச்சியை மூட்டை கட்டிக்கொண்டு, ரயில் பாலத்தைத் தாண்டி வேகமாக நடப்பாள். ஆரம்பத்தில் தண்ணீரோடு கொண்டுபோனதற்குத் தவுக்கே குதித்திருக்கிறார்.

"வீரமா! குவா, நான் பூச்சி வாங்குறது, ஆயர் வாங்குறதில்ல. தண்ணிக்கும் நாலு காசா? நல்லா வடிச்சிக் கொண்டா லா!"

அன்றிலிருந்து சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வடித்துத்தான் கொண்டுபோவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் முதலில் வந்தது சிமெண்டுக் கால்வாய். கார்த்திகை மாதம் ரோட்டை அகலப்படுத்தினவர்கள், கொட்டகைக்கும் பள்ளத்துக்கும் நடுவில் அழகாக ஒரு கால்வாய் கட்டினார்கள். கொட்டகை கழுவிய தண்ணீர் அதில் விழுந்து, வழவழவென்று ஓடி ஆற்றில் கலந்தது. நாற்றம் போயிற்று. லயத்துப் பெண்கள் கும்பிட்டார்கள். அய்யாவுகூடத் தன் ஆபீஸே கட்டியது போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இனிமே இந்தப் பக்கமே ஈ எறும்பு வராது பாரு" என்றான்.

பள்ளத்துத் தண்ணீர் மெல்ல வெளுத்தது. பச்சை போய் இளநீர் நிறமானது. தினம் கிடைத்த பன்னிரண்டு குவளை பத்தானது, ஏழானது.

"தண்ணி பழசாயிருச்சி புள்ள" என்றான் அய்யாவு. "கெணத்த வருசத்துக்கு ஒரு தடவ தூரு வாரமாட்டாங்க? அது மாதிரிதான். போகிக்கு ரெண்டு நாள் லீவு இருக்கு. சுத்தம் பண்ணிக் குடுக்கறேன்."

சொன்னபடி செய்தான். கோவணத்தோடு இறங்கி, மிதந்த பாசியை வழித்தெடுத்தான். ஓரமாய்ப் படர்ந்திருந்த கங்கோங் கீரையை வேரோடு பிடுங்கினான். தெருக்குழாயில் ராப்பகலாக வழிந்து வீணாகிற தண்ணீரை ஒரு சின்ன வாய்க்கால் வெட்டிப் பள்ளத்துக்குத் திருப்பிவிட்டான். பொங்கலன்று தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. அடியில் கிடந்த உடைந்த செங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. வீரம்மா கரையில் கோலம் போட்டு, பொங்கல் பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீருக்கும் வைத்தாள்.

தை பத்தாம் தேதி வலையை இழுத்தாள். ஒரு குவளைகூடத் தேறவில்லை. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் நாற்பது ஐம்பது பூச்சி, அதுவும் வெளிறிப்போய், நெல் உமி மாதிரி.

அன்று மாலை அவள் குழாயடியில் வைத்தே கேட்டாள்.

"மாமா, உண்மையச் சொல்லு. சட்டய அதுல அலசுனியா?"

"இல்லடி."

"கையக் கழுவுனியா?"

"மாரியாத்தா மேல ஆணை. கோவணத்தக்கூடக் குழாயில அலசிட்டுத்தான் எறங்குனேன்."

"அப்ப எப்படிச் செத்துச்சி? நீ தொட்ட மறுவாரமே ஏன் செத்துச்சி?"

அய்யாவு தோளை மோந்து பார்த்துக்கொண்டான். எத்தனை சாம்பல் போட்டாலும் தோலுக்குள் ஊறிப்போன வாடை போகத்தான் செய்யாது. தன் உடம்பிலிருந்துதான் எண்ணெய் கசிந்திருக்குமோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அன்று மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிச் சம்பலும் வைத்தாள். அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்து தின்றான்.

மறுநாள் வெறுங்கையோடு தவுக்கேயைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்ன சொன்னாரு?"

"கத்துனாரு. தை மாசக் கடைசி வரைக்கும் பாப்பாராம். அதுக்குள்ள பூச்சி வரலேன்னா பள்ளத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாராம். ஒன் ஆபீசையும் சேத்துத்தான் ஏசுனாரு."

"என் ஆபீஸ் என்ன பண்ணுச்சி?"

"ஒங்க ஆளுங்க போயி, தொட்டியில பழைய தண்ணி வச்சிருந்தா கொசு வரும்னு அம்புட்டுத் தொட்டியையும் கவுத்து ஊத்த வச்சாங்களாம். குழாத் தண்ணி புடிச்சி ஊத்திருக்காரு. அதுலேர்ந்து மீனெல்லாம் சவலப்புள்ள மாதிரி வாயத் தொறந்துக்கிட்டு மேலயே நிக்கிதாம், தீனி எடுக்கலயாம். அந்தக் கோவமும் என் தலையிலதான் விழுந்துச்சி."

பள்ளம் போனால் அய்யாவின் கூலி அரிசிக்கும் வாடகைக்கும் பற்றாது. மறுபடி பூச்சோங்குக்குத்தான் போக வேண்டும். அந்தத் தோட்டத்துப் பெயரை அவர்கள் வீட்டில் சொல்வதில்லை.

இது போதாதென்று திங்கட்கிழமை மண்டோர் இருதயம் வந்தார். எண்ணெய்க் கூலிகளுக்குத் தலைவர். கழுத்தில் ஜெபமாலை, கையில் நீளமான காம்பு வைத்த வெள்ளை எனாமல் கரண்டி. எந்தத் தண்ணீரைக் கண்டாலும் அள்ளிப் பார்ப்பார். புழு இருந்தால் நோட்டில் எழுதுவார். அய்யாவு பக்கத்தில் நிற்க, பள்ளத்தின் ஓரத்தில் கரண்டியை விட்டு அள்ளினார்.

"அய்யாவு, இங்க வா. இது என்னா?"

வெள்ளைக் கரண்டிக்குள் நான்கு புழு. வாலை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும் சாக்கடைப் புழு அல்ல. தண்ணீரின் மேல்தோலை ஒட்டி, குச்சியைப் போட்டது போலப் படுத்துக் கிடக்கிற புழு. காய்ச்சல் கொசுவின் புழு. அய்யாவு குனிந்து பார்த்தான்.

"படுத்துக்கெடக்குது ஐயா."

"ஒம் பொண்டாட்டி பள்ளம்னு தெரியும்ப்பா. என்னைக்காவது எண்ணெ ஊத்தச் சொல்லிருக்கேனா? ஆனா இதப் பாத்த பொறவு விட முடியாது. இந்த லயத்துல எத்தன புள்ளைங்க இருக்கு?"

"நீங்க சொல்லவேண்டியதில்ல ஐயா. நானே ஊத்தறேன்."

சொல்லிவிட்டான். டின்னை முதுகில் ஏற்றவும் ஏற்றினான். கரையில் நின்ற வீரம்மா தடுக்கவில்லை. அவளும் அந்தக் குச்சிப் புழுவை எட்டிப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுதாளோ என்னவோ, முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள்.

பீச்சுக்குழாயை நீட்டினவன் கை அப்படியே நின்றது.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டா? நாலு வருசமா நான் அள்ளிப் பாக்குறேன். கொட்டகத் தண்ணி எறங்குற குட்டையில இந்தப் படுக்கறவன நான் பாத்ததே இல்ல. தொங்குறவன் இருப்பான். படுக்கறவன் இருக்கமாட்டான். இவன் எங்க இருப்பான்? ரயில்பாதை ஊத்துல. மல ஓரத்து ஓடையில. தெளிஞ்ச தண்ணியில வெயில் பட்டா அங்கதான் இருப்பான்."

இருதயம் தாடையைச் சொறிந்தார். "ஆமா. தொரைகூட அப்படித்தான் சொல்லுவாரு. இவன் சுத்தக்காரன்னு."

"இந்தப் பள்ளமும் பச்சையா கெடந்தவரைக்கும் நீங்களே ரெண்டு தடவ அள்ளிப் பாத்திருக்கீங்க, ஒண்ணும் எழுதல. நான்தான்யா சுத்தம் பண்ணேன். குழாத் தண்ணிய விட்டேன். இவன நான்தான்யா வெத்தல பாக்கு வச்சிக் கூப்புட்டேன். அந்தச் செம்பூச்சியும் சாணித் தண்ணியக் குடிச்சித்தான் உசுரோட இருந்திருக்கு. அதையும் நான்தான் பட்டினி போட்டேன்."

வீரம்மா திரும்பிப் பார்த்தாள். பூச்சியைக் கொன்றது சட்டையில் இருந்த எண்ணெய் இல்லை, அவன் கை அழுக்கும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று.

"அதுக்கு?" என்றார் இருதயம்.

"பதினாலு நாள் குடுங்க. மறுபடி அழுக்காக்கிடறேன்."

இருதயம் உரக்கச் சிரித்துவிட்டார். "இந்த உத்தியோகத்துல இத்தன வருசத்துல அழுக்காக்கறதுக்கு உத்தரவு கேட்டவன் நீ ஒருத்தன்தான்டா! சரி, அதுவரைக்கும் இந்தப் புழு கொசுவாகிப் பறக்குமே, அதுக்கு என்னா வழி?"

வீரம்மா முன்னால் வந்தாள். "ஐயா, கடுகுல கால்வாசி இருக்குற பூச்சியவே புடிக்கிறேன். இந்தக் குச்சியப் புடிக்கமாட்டேனா? காலையிலயும் சாயங்காலமும் வல போட்டு ஒண்ணு விடாம வடிச்சிப்புடறேன்."

"திங்கள் விட்டு அடுத்த திங்கள் வருவேன். பத்துக் கரண்டி அள்ளுவேன். படுக்கறவன் ஒருத்தன் இருந்தாலும் அய்யாவு கையாலதான் எண்ணெ. சம்மதமா?"

"சம்மதம்" என்றார்கள் இரண்டு பேரும்.

அன்றே அய்யாவு குழாய்த் தண்ணீர் வாய்க்காலை மண்போட்டு அடைத்தான். பிறகு இராஜம்மாவிடம் போனார்கள். கனத்த உடம்பு, வெற்றிலை வாய். பால் கறந்துகொண்டே கேட்டாள்.

"ஏன்டி, ஊர்ல இருக்கிறவன் பூரா என் சாணி நாறுதுன்னு மனு எழுதிப் போட்டான். நீங்க சாணித் தண்ணி வேணும்னு வந்து நிக்கிறீங்களே, புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

"பூச்சிக்கு அக்கா."

"பூச்சிக்குச் சாணியா! என் மாடுங்களுக்குத் தெரிஞ்சா தலகால் புரியாது. எடுத்துக்கோ, எடுத்துக்கோ. ஆனா சும்மா குடுக்கமாட்டேன். தெனம் கொட்டகய நீங்கதான் கழுவணும்."

கால்வாயை உடைக்க முடியாது, அது கவர்மெண்டு சொத்து. ஆகவே கழுவிய தண்ணீரைக் கால்வாயில் விழும் முன் தடுத்து, டின்னில் அள்ளிச் சுமக்க வேண்டியதாயிற்று. அய்யாவு கொண்டுவந்த டின்களை வீரம்மா எட்டி உதைத்தாள். எல்லாம் எண்ணெய் டின். இராஜம்மாதான் பழைய பால்கேன் நான்கு கொடுத்தாள். விடிவதற்குள் எட்டு மாடு நின்ற தரையைக் கழுவி, தலையில் நான்கு நடை, தோளில் நான்கு நடை. பிறகு வலை. படுக்கிற புழுவை வடித்துக் கரையில் காய்ந்த மண்ணில் உதறுவாள். முதல் நாள் ஒரு சிரட்டை தேறியது. அப்புறம் அவன் டின் தூக்கிக்கொண்டு வேலைக்கு ஓடுவான். மாலையில் நாவல் மரம், சாம்பல், குளியல், மறுபடி சுமை. அவன் தோல் மண்ணெண்ணெய் வாடை போய்ச் சாணி வாடைக்கு மாறிற்று.

"இப்ப மோந்து பாரு" என்றான் ஒரு நாள்.

"இப்பத்தான் மாமா மனுச வாசம் வருது" என்றாள். போகிக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றுதான்.

ஐந்தாம் நாள் தண்ணீர் கலங்கியது. அப்புறம் இரண்டு நாள் அடைமழை. எல்லாம் கரைந்து போய்விட்டதென்று பயந்தார்கள். ஒன்பதாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. தண்ணீர் மெல்லப் பச்சை கட்டியது. குச்சிப் புழு வலையில் ஒன்று, இரண்டு என்று குறைந்து, பதினோராம் நாள் ஒன்றுமே வரவில்லை. செம்பூச்சியும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் விடியலில் வீரம்மா கூப்பிட்ட சத்தத்தில் கொட்டகை மாடுகள் கயிற்றை இழுத்தன.

"மாமா! ஓடியா!"

மூலையில், கங்கோங் மறுபடி துளிர்த்திருந்த இடத்தில், தண்ணீருக்குள் சிவப்பாக ஒரு புகை. கையை நீட்டினால் விலகிற்று, எடுத்தால் கூடிற்று. அடிச்சேற்றில் எங்கே ஒளிந்திருந்ததோ, அத்தனையும் பிழைத்து எழுந்து வந்துவிட்டது. அய்யாவு கரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

திங்கட்கிழமை இருதயம் சொன்னபடி பத்துக் கரண்டி அள்ளினார். ஒவ்வொன்றையும் வெயிலுக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். தொங்குகிற புழு நாலைந்து. படுக்கிறது ஒன்றும் இல்லை. கடைசிக் கரண்டியில் தண்ணீரைவிடச் செம்பூச்சிதான் அதிகம்.

"ஏசுவே" என்றார். "நாத்தம் தாங்கல. நல்ல பள்ளம்." நோட்டை எடுத்து, பட்டியலில் இருந்த அந்த ஒரு வரியை மட்டும் அடித்தார். "ஆனா அந்தத் தெருக்குழா ஓரத்துல கசிஞ்சி நிக்கிது பாரு, பளிங்கு மாதிரி. நேத்து அள்ளுனேன். அம்புட்டும் படுக்கறவன். அதுல ஊத்து எண்ணெய."

அய்யாவு அதில் ஊற்றினான். பல்லைக் கடிக்காமலே ஊற்றினான்.

தை மாசக் கடைசிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மறுநாள் அய்யாவுக்கு அரைநாள் லீவு. புதுத் தலைமுறைப் பூச்சி, மிகவும் மிருது. துணியில் கட்டினால் நசுங்கிவிடும் என்று வீரம்மா பயந்தாள். ஆகவே பச்சைத் தண்ணீரோடே இரண்டு பால்கேனில் அள்ளிக்கொண்டார்கள். அய்யாவு வெள்ளை வேட்டி கட்டி, கேன்களைத் தோள்கம்பில் மாட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.

தவுக்கே கடை வாசலில் வரிசையாக மண்தொட்டிகள். ஒவ்வொன்றிலும் தெளிந்த குழாய்த் தண்ணீர். அதில் விசிறி வாலோடு தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு தொட்டி காலி. தவுக்கே கண்ணில் தூக்கமே இல்லை.

"பூச்சி அடா? இருக்கா?" என்றார்.

"இருக்கு தவுக்கே, இருக்கு. தண்ணியோட கொண்டாந்துட்டேன், கோவிச்சுக்காதீங்க. இந்தா, இப்பவே வடிச்சிடறேன்."

வலையை விரித்து, கேனைச் சாக்கடைப் பக்கம் சாய்க்கப் போனாள். தவுக்கே எட்டிக் கேனின் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஜாங்கான்! ஊத்தாத! ஊத்தாதலா!"

ஒரு கண்ணாடித் தம்ளரை விட்டு மொண்டார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பச்சைக்குள்ளே சிவப்புத் துள்ளியது. மோந்தார். நாக்கு நுனியில்கூட வைத்துப் பார்த்தார். பிறகு குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர் போல, ஒரு தொட்டியின் ஓரமாக மெல்ல மெல்ல ஊற்றினார்.

மூன்று பேரும் தொட்டியைச் சுற்றிக் குந்தினார்கள். மேலே வாய் திறந்து நின்ற பெரிய மீன் ஒன்று வாலை அசைத்தது. பச்சைக்குள் தலையை விட்டது. கீழே இறங்கியது. அப்புறம் ஒரு துள்ளல், ஒரு சிவப்பு மேகம் கலைந்தது.

"மாக்கான்!" என்றார் தவுக்கே. "தின்னுது. ரெண்டு வாரமா சரியா தின்னாத மீன், தின்னுது." அய்யாவைப் பார்த்தார். "இவரு யாரு?"

"என் வீட்டுக்காரரு."

"எங்க வேல?"

அய்யாவே சொன்னான். "கொசு ஆபீஸ், தவுக்கே."

தவுக்கே காலித் தொட்டியைக் கை காட்டினார். "லு, ஒன் ஆளுங்க என் பழைய தண்ணி பூரா ஊத்திட்டான். இருவது வருசத் தண்ணி. என் அப்பா வச்ச தண்ணி."

"தெரியும் தவுக்கே. நானும் என் பொண்டாட்டி தண்ணிய அப்படித்தான் கெடுத்தேன். இப்பத்தான் பழசாக்கிக் கொண்டாந்திருக்கேன்."

தவுக்கேக்கு முழுதும் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினார். ஆறு கேன் வேண்டும் என்று விரலைக் காட்டினார். ஒரு மாதத்துக்கு, தினமும் ஆறு கேன் தண்ணீர், பாக்கிக்கு ஈடாக. பூச்சி அதற்குமேல் தனி, அதற்கு ரொக்கம். வாசல் மீன் ஒரு ஜோடி இருபது வெள்ளி, தொட்டி பதினொன்று இருக்கிறது என்று அவரே தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்வது போல முணுமுணுத்தார். பெட்டியைத் திறந்து குத்தகைச் சீட்டை எடுத்து வீரம்மாவிடம் நீட்டினார். அவள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகினாள்.

பிறகு ஈரத்துணியால் பலகையைத் துடைத்தார். ஹாபிஸ், எல்லாம் தீர்ந்தது என்றார். பதின்மூன்று கோடு போயிற்று. ஒன்று நின்றது.

"அது எதுக்கு நிக்கிது?" என்றாள் வீரம்மா.

"அது குட்டக் கோடு, கண்ணுக்குத் தெரியல" என்று தவுக்கே சிரித்தார்.

"எனக்குத் தெரியுது."

கேனுக்குள் விரலை விட்டாள். பச்சைத் தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தக் குட்டைக் கோட்டின் மேல் ஒரே இழுப்பு இழுத்தாள். கோடு போன இடத்தில் ஒரு செம்பூச்சி ஒட்டிக்கொண்டு துடித்தது. அய்யாவு அதை நகத்தால் மெல்ல எடுத்துத் தொட்டியில் விட்டான்.